ஏழாவது ஆளின் கவசம்

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பால்கனியில் பிரைமர் அடித்தால்
துளிகள் வழியிலேயே உறைந்து
ஆட்கள் மேல் ரவையாக விழுகின்றன.
இரண்டு பேரை அப்படித்தான் சொரசொரப்பாக்கிக்
குப்பையில் போட்டேன்.
பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டுத்
தூரிகையையே நம்பினேன்.

மேசையில் ஏழு இருமல் மருந்து மூடிகள்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வீரன்,
என் கட்டைவிரலில் பாதி உயரம்,
கழுத்திலிருந்து கால் வரை கவசம்.
கறுப்புத்தான் வேண்டும் என்று
எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

முதலாமவனுக்குத் தனிக் கறுப்பு.
காய்ந்ததும் ஆளைக் காணோம்.
மேசையில் ஓர் ஓட்டை,
அந்த ஓட்டையின் கையில் ஒரு வாள்.

அடுத்தவனுக்கு உலர்தூரிகை.
சாம்பல் நிறம் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து,
இனி ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும்போது இழுக்க வேண்டும்.
எனக்கு எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடுகிறது.
போருக்குப் போகிறவன்
மாவு மில்லிலிருந்து வருகிறவன்போல் நின்றான்.

விளிம்புக்கு மட்டும் வெளிர்நீலக் கோடு இழுத்துப் பார்த்தேன்.
ஒன்பது மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த கை.
இறங்கிய பிறகும் எஞ்சின் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.
முழங்கை வளைவில் கோடு தடித்து
கடன் கணக்கின் கீழ் அடித்த அடிக்கோடாயிற்று.

வார்னிஷ் பூசியவன் கத்தரிக்காய்.
நெருப்பில் வாட்டித் தோலுரிக்கலாம்.

ஐந்தாமவனைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

கறுப்பில் பழுப்புச் சேர்த்தால் துரு,
நீலம் சேர்த்தால் குளிர் என்று
ஒரு தாளில் எழுதி வைத்தேன்.
தாளில் தேநீர் கொட்டிற்று.
ஆறாமவன் அந்தத் தேநீரின் நிறத்தில் முடிந்தான்.
பெயின்ட் தண்ணீர் என்று நினைத்து
தூரிகையைக் கோப்பையில் கழுவியிருக்கிறேன்.

மை வேறு, கரி வேறு, கார் வேறு.
விடியுமுன் இருக்கும் கருக்கல் வேறு.
அந்தக் கருக்கலில்தான்
என் முதல் பேருந்து கிளம்பும்.

செவ்வாய்க்கிழமை, பெம்பினா நெடுஞ்சாலை.
பேருந்தில் மூன்று பேர்:
அலுவலகம் துடைக்கப் போகும் ஒருத்தி,
ஹாக்கிப் பையைக் கட்டிக்கொண்ட ஒருவர்,
வாய் திறந்து தூங்கும் மாணவன்.
பச்சை விழுந்திருந்தது.
பிரேக்கைத் தொட்டதுதான்,
நாற்பது அடி நீளமும்
மிக மெதுவாக, மரியாதையாக,
பக்கவாட்டில் போயிற்று.

சாலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
அதன்மேல் சிக்னலின் பச்சை
நீளமாய்க் கிடந்தது,
ஓரத்தில் கூர்மையாகி,
நடுவில் எங்கோ இல்லாமலே போய்,
மறுபடி மெலிதாய் வந்து.
கடவுளைக் கூப்பிட வேண்டிய வாய்
"கீழ் விளிம்பில் பச்சை" என்றது.

கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம்.
துடைக்கப் போகிறவள் எழுந்து வந்து
என் தோளில் கை வைத்துவிட்டுப்
பேசாமல் திரும்பிப் போனாள்.
மாணவன் விழிக்கவே இல்லை.

படிவம் கேட்டது:
வழுக்குமுன் என்ன கண்டீர்கள்?
ஒன்றும் காணவில்லை,
சாலை கறுப்பாக இருந்தது
என்று எழுதிக் கையெழுத்திட்டேன், த. கோசலா.
ஒரே வரியில் இரண்டு பொய்.

அன்றிரவு ஏழாமவன்.
தோளை ஒன்றும் செய்யவில்லை, மார்பையும்.
முழங்காலுக்குக் கீழே மட்டும்
தண்ணீரில் கரைத்த பச்சை, ஒரு மயிரிழை.
பாதியில் விட்டு, தள்ளித் தொடங்கினேன்.
விளக்கைக் கிட்டே இழுத்தேன். அணைத்தேன். போட்டேன்.
அவன் எதன்மேலோ நின்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஹெய்டன் தன் மஞ்சள் படையைப் பரப்பினான்.
என்னவனை எடுத்துக் கண்ணருகே பிடித்து,
"பச்சை எங்கிருந்து? புல்லா?" என்றான்.
பகடையை உருட்டினேன். இரண்டு.
முதல் சுற்றிலேயே ஏழாமவன் செத்தான்.

செத்தவர்களைச் சாய்த்துவைப்பது வழக்கம்.
நான் அவனைப் பக்கவாட்டில் நகர்த்தினேன்,
மிக மெதுவாக,
மேசையின் ஓரத்துக்கு ஒரு சாண் இருக்கும்வரை.